கையால் போட்ட கோல்

கால்பந்து அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டது என் கைகளுக்காகத்தான். என் கால்களை நம்பி யாரும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நானே நம்பியதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மே மாதம் அது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். மே வந்துவிட்டால் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பாதிக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கும். மதுரைக்காரர்கள் மதுரைக்கும் தஞ்சாவூர்க்காரர்கள் தஞ்சாவூருக்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் திருநெல்வேலிக்குப் போயிருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மாதத்தைப் பார்த்துத்தான் யாரோ பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டியை ஏற்பாடு செய்தார்கள். நாங்கள், சதுரங்கப்பட்டினம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் என்று நான்கே அணிகள். காலையில் இரண்டு ஆட்டம், சாயங்காலம் ஃபைனல். ஒரே நாளில் சங்கதி முடிந்துவிடும்.

எங்கள் கேப்டன் பாபு ஊரில் மிச்சமிருந்த பையன்களை எண்ணிப் பார்த்ததில் பத்துப் பேர்தான் தேறினார்கள். பதினோராவது ஆளைத் தேடி அவன் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் கொடுக்காப்புளி மரத்தில் கல்லெறிந்துகொண்டிருந்தேன். உச்சிக் கிளையில் இருந்த ஒரு கொத்து மூன்றாவது கல்லில் விழுந்தது. பாபு சைக்கிளை நிறுத்தினான். பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா கூடாதா என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

“கையால எறியறதெல்லாம் நீ பாத்துக்கோ. பந்து உன் கால்கிட்ட வந்தா மட்டும் ஓடிப் போயிடு” என்றான்.

பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், கடைசியாக அதைத் தொட்ட அணிக்கு எதிரணி அதைக் கையால் எறிந்து உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு ‘த்ரோ’ என்று பெயர். கால்பந்தில் கோல் கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தைக் கையால் தொடக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அது. அந்தச் சந்தர்ப்பம் முழுவதும் இனிமேல் எனக்கு என்று ஆனதில் எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். அப்பா கடிதத்தைக் கொடுக்கப் போனவர், சும்மா வராமல், பந்து சரியாகக் கோட்டின் மேலேயே நின்றால் அது உள்ளேயா வெளியேயா என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த நான்கு பேருக்கும் பதில் தெரியவில்லை. ஒவ்வோர் அணியும் கோட்டோரம் கொடி பிடிக்க ஒரு பெரியவரைத் தர வேண்டும் என்று விதி இருந்தது. கேள்வி கேட்டவரையே பிடித்துப் போட்டுவிட்டார்கள். அப்பா அதுவரை ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவர் இல்லை.

ஆனால் அப்பாவின் உத்தியோகமே அடுத்தவர் வரைந்த படத்தில் பிழை பார்ப்பதுதான். அலுவலகத்தில் அவர் மேஜைக்கு வருகிற வரைபடங்கள் சிவப்புப் பென்சில் கோடு விழாமல் திரும்பிப் போனதில்லை என்பார்கள். வீட்டில் புது மிக்சி வாங்கினால், அதனுடன் வந்த புத்தகத்தை அவர் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும்வரை அம்மா சட்னி அரைக்கக் கூடாது. அப்படிப்பட்டவர் நூலகத்திலிருந்து கால்பந்து விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, த்ரோவைப் பற்றிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு பக்கத்தில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எறிகிறவர் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ. இரண்டு கையாலும் எறிய வேண்டும். பந்து தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேலாக வர வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் த்ரோ எதிரணிக்குப் போய்விடும். அப்பா இதையெல்லாம் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் என்னை எழுந்து நிற்கச் சொல்லிச் சரிபார்த்தார்.

வீட்டில் பந்து இல்லை. அதனால் அம்மா வாங்கி வைத்திருந்த பரங்கிக்காயை எடுத்துக்கொண்டோம். ஹாலின் இந்தப் பக்கத்திலிருந்து நான் எறிய, அந்தப் பக்கத்தில் அப்பா பிடிப்பார்.

“அது சாம்பாருக்கு வாங்குனது. பொளந்துச்சுன்னா ஒங்க அப்பாதான் நறுக்கணும், சொல்லிட்டேன்” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

இரண்டாம் நாளே பிளந்தது. அப்பா நறுக்கினார். மூன்று நாளைக்குக் காலையும் இரவும் பரங்கிக்காய் சாப்பிட்டோம். நான்காம் நாள் அடுத்த காய் வந்தது. இந்தமுறை வேறு பிரச்சினை. எனக்கு இரட்டைப் பின்னல், மடித்து ரிப்பன் கட்டியது. காயைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் ரிப்பன் வளையத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பின்னல் தலையோட சேத்தியா, இல்லையா? ஒண்ணுமே போடலையே” என்றார். விதி எழுதிய வெளிநாட்டுக்காரர்கள்மேல் அவருக்கு ஏற்பட்ட முதல் அதிருப்தி அது. கடைசியில் அம்மா வந்து, ரிப்பனை அவிழ்த்து ஒற்றைப் பின்னலாகப் போட்டு, அதைச் சட்டைக்குள் விட்டு, பிரச்சினையைத் தீர்த்தாள்.

கொடிக்கு அம்மாவின் பழைய மஞ்சள் ரவிக்கைத் துணி. அதை ஒட்டடைக் கம்பில் கட்டி, அப்பா பால்கனியில் நின்று தூக்கி இறக்கிப் பழகினார். எதிர் பிளாக்கில் இருந்தவர் என்னமோ ஏதோவென்று லுங்கியோடு இறங்கி ஓடிவந்துவிட்டார்.

போட்டி நாள் வந்தது. மைதானம் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். புல் என்று பெயருக்கு ஓரங்களில் இருக்கும், நடுவெல்லாம் மணல்தான். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். கோல் கம்பங்கள்கூட சவுக்குக் கட்டைகள்தான். அப்பா ஆபீஸ் பேண்டும் ஷூவும் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்து, பையன்கள் அவர்தான் ரெஃப்ரி என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

உண்மையான ரெஃப்ரி செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிரில் மாஸ்டர். தொப்பையின் மேல் விசில் ஆடும். நல்ல மனிதர். வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டத்தையும் முடித்துவிட்டு நிழலில் படுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

முதல் ஆட்டம் எங்களுக்கும் திருப்போரூருக்கும். ஐந்தாவது நிமிஷத்தில் பந்து வெளியே போனது. அவர்கள் பையன் எறிந்தான். பின்னங்கால் லேசாகத் தூக்கியது. அப்பா கொடியைத் தூக்கினார். த்ரோ எங்களுக்கு வந்தது. நான் அந்தக் கோடியிலிருந்து ஓடிவருவதற்குள் அவசரத்தில் பாபுவே எடுத்து எறிந்தான். அவன் ஒற்றைக் கையால் எறிந்தான். கொடி. மறுபடி அவர்களுக்கு. அவர்கள் இந்தமுறை வேறு பையனை அனுப்பினார்கள். அவன் கோட்டுக்கு உள்ளே வந்து நின்று எறிந்தான். கொடி. மறுபடி எங்களுக்கு. அதற்குள் நான் வந்து சேர்ந்தேன். மூச்சு வாங்கியதில் பந்து தலைக்குப் பின்னால் போவதற்குள் கையை விட்டு நழுவி, முன்னால் விழுந்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கொடி.

பந்து ஐந்து நிமிஷமாக ஒரே இடத்தில் இருந்தது. இரண்டு அணியும் கோட்டோரம் வரிசையாகக் கூடி நின்று, ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன. ரெஃப்ரி வியர்வையைத் துடைத்தபடி அப்பாவிடம் வந்தார்.

“சார், பசங்க சார். அட்ஜஸ்ட் பண்ணி வுடுங்க. இன்னா ஒலகக் கோப்பையா நடக்குது இங்க?”

“விட்டுருதேன் சார். எந்த விதிய விடணும்னு மட்டும் சொல்லிருங்க” என்றார் அப்பா. அவர் நிஜமாகவே கேட்டார். ரெஃப்ரி திரும்பிப் போய் விசிலை ஊதினார்.

அந்த ஆட்டத்தை நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம். அது திருப்போரூர்ப் பையன் ஒருவன் தவறுதலாகத் தன் கோலுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. ஆனாலும் ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்தில் திருக்கழுக்குன்றம் ஜெயித்தது. ஆக சாயங்காலம் ஃபைனலில் நாங்களும் அவர்களும்.

திருக்கழுக்குன்றத்துக் கோல் கீப்பரின் பெயர் ஏழுமலை. அந்த மைதானத்திலேயே குள்ளமான பையன் அவன்தான். சட்டை முழங்கால்வரை தொங்கியது. கைகளில் அவன் அண்ணனுடைய வெல்டிங் கையுறை. தோலால் ஆனது, முழங்கைவரை வரும். அதைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ஒரு பந்தையும் அவன் உள்ளே விடவில்லை. ஒவ்வொன்றையும் பிடித்ததும் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உதைப்பான்.

ஃபைனலில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடிய இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். கடல் காற்று பலமாக வீச ஆரம்பித்திருந்தது. அவர்கள் கோலுக்குப் பக்கத்தில், கடலோரப் பக்கமாக, பந்து வெளியே போனது. த்ரோ எங்களுக்கு.

பாபு ஓடிவந்து என் காதில் சொன்னான்: “ஒசத்திப் போடு. கீப்பர் கிட்ட விழணும். நான் தலையால முட்டிடறேன்.”

பந்தைக் கையில் எடுத்தேன். அப்பா நாலடி தள்ளிக் கொடியோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல்களை மணலில் அழுத்தினேன். பந்தைத் தலைக்குப் பின்னால் பிடரி வரை கொண்டுபோனேன். முதுகில் காற்று தள்ளியது. எறிந்தேன்.

என் ஆயுளில் எந்தப் பொருளையும் அவ்வளவு நன்றாக நான் எறிந்ததில்லை. பந்து காற்றில் ஏறி, திரும்பி, இறங்கியது. பாபு எகிறினான். பந்து அவனுக்கு மேலே வெகு உயரத்தில் போனது. ஏழுமலைக்கு முன்னால் மணலில் ஒருமுறை குத்தி, எழும்பி, அவன் நீட்டிய கையுறைகளுக்கு மேலாகப் போய், இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கும் நடுவில் விழுந்து உருண்டது.

பாபு என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், என்னோடு சேர்ந்து கீழே விழுந்தான். எல்லாரும் எங்கள் மேல் விழுந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். கோல். அடியில் கிடந்தபடி, பையன்களின் கால்களுக்கு இடையில் நான் பார்த்தேன். மஞ்சள் ரவிக்கைத் துணி உயரத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.

“இன்னா சார்? இப்போ எதுக்குக் கொடி?” என்றார் ரெஃப்ரி.

“கோல் இல்ல சார். த்ரோவுல போட்ட பந்து யாரு மேலயும் படாம நேரா உள்ள போனா, கோல் கெடையாது. அவங்களுக்கு கோல் கிக்.”

“பந்து உள்ள பூந்துடுச்சி. அப்பறம் இன்னா சார்?”

அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். ரெஃப்ரி அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். சிவப்புப் பென்சில் கோடு அந்த வரியின் கீழேயே இருந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்த விதி தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். எதிரணிக்கே தெரியாது. அவர்கள் தோற்றுவிட்டோம் என்று அழத் தொடங்கியிருந்தார்கள். அப்பா மட்டும் அந்தக் கம்பைக் கீழே இறக்கியே வைத்திருந்தால் கோப்பை எங்களுடையது.

“யார் மேலனா பட்டிருந்தா?” என்று ரெஃப்ரி கேட்டார்.

“பட்டிருந்தா கோல்.”

உடனே பாபு தன் தலைமுடியில் பட்டது என்று சத்தியம் செய்தான். பந்துக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு பனைமரத்தை நட்டிருக்கலாம் என்பதால் ரெஃப்ரி அதைக் காதில் வாங்கவில்லை. “கீப்பர் மேலகூடப் படல” என்று யாரோ சொன்னார்கள்.

கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஏழுமலையின் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். எழுந்து வந்தான்.

“யாரு சொன்னது? நான் தொட்டேன்!”

அவன் அணி மொத்தமும் அவனை நோக்கி ஓடியது. “டேய் ஏழுமல, வாய மூட்ரா!” என்று ஒருவன் அவன் வாயைப் பொத்தப் போனான். கையுறையாலேயே அவனைத் தள்ளிவிட்டான் ஏழுமலை.

“நான் இன்னா சும்மாவா நின்னுகினு இருந்தேன்? தொட்டேன் சார். இந்த வெரல்ல பட்டுச்சி சார்.” கையுறையின் நடுவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ரெஃப்ரியின் முகம் தெளிந்தது. கீப்பரே ஒப்புக்கொள்கிறான், கோல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முறைக்காக அப்பாவிடம் திரும்பினார். “இன்னா சார், பட்டுச்சா?”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், பட்டது, பட்டது என்று அவருக்குத் தெரியும்படி தலையைப் பலமாக ஆட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்றுதான் நினைவு.

“படல சார். ஒரு சாண் எடவெளி இருந்துச்சு.”

“யோவ், என் கை எனக்குத் தெரியாதா?” என்று ஏழுமலை கத்தினான். பெரியவரைப் பார்த்து அப்படிப் பேசியதற்காக அவன் முதுகில் ஒன்று விழுந்தது. தோல்வியிலிருந்து அவர்களைக் காப்பாற்றியவர் அப்பா என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பந்தைத் தங்கள் கோலுக்கு முன்னால் வைத்து உதைத்து, கோல் கிக் அடித்தார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இருட்டுவதற்குள் திருக்கழுக்குன்றத்துப் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் டாஸ் போட்டார்கள். பாபு தலை கேட்டான். பூ விழுந்தது.

மைதானத்து மூலையில் இருந்த குழாயில் நான் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அழுததைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லலாம். ஏழுமலை வந்து பக்கத்தில் நின்றான். அவன் அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு தோப்போரம் கூச்சலிட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

“நான் தொட்டேன்தானே? நீ பாத்தே இல்ல?” என்றான்.

“தொட்டே. நான் பாத்தேன்” என்றேன்.

“உங்கப்பாவுக்குக் கண்ணு செரியில்ல.”

“ஆமா” என்றேன்.

அந்த நாளில் என்னோடு முழுமையாக ஒத்துப்போனவன் அவன் ஒருவன்தான். கையுறையைக் கழற்றித் தண்ணீர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடிப்போனான்.

வீட்டில் அம்மா சங்கதியைக் கேட்டுவிட்டு, “பெத்த பிள்ள போட்டது. அந்த ஒரு சாண் ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதான் ஆகணுமாக்கும்?” என்றாள். “தெரிஞ்சுதே” என்றார் அப்பா, மாட்டிக்கொண்டவரைப் போல. நான் அவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். சாப்பிடுகிறாயா என்றால் தட்டை நகர்த்துவேன். கடைக்கு வருகிறாயா என்றால் செருப்பை மாட்டுவேன். வாயை மட்டும் திறக்க மாட்டேன். இப்படியே நாலு நாள் ஓடியது.

அந்த நாலு நாளும் அப்பா எதிரே வந்தவர்களிடமெல்லாம் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டு, அதை வேறு ஊரெல்லாம் சொல்ல வேண்டுமா? ஆபீஸ் பஸ் நிற்கிற இடத்தில் சொன்னார். முடிவெட்டுகிற கடையில், கழுத்தில் துணியோடு, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை பால் பூத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். பால் பூத்துக்காரர், “இன்னா சார், பாப்பா ஃபுட்பால்லாம் ஆடுதாமே?” என்று கேட்டதுதான் தாமதம், அப்பா பால் பையைக் கீழே வைத்தார்.

பூத்துக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தரையில் ஒரு கோடு இருப்பதுபோல நின்றுகொண்டார். இரண்டு குதிகாலையும் ஊன்றினார். வெறும் கைகளை மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“ரெண்டு காலும் தரையில. இம்மிகூட அசையல. பந்து பிடரிக்கும் பின்னால போவுது, பாத்துக்கிடுங்க. பதினோரு வயசுப் பிள்ள. அங்கேருந்து கெளம்புது பாருங்க...” கைகள் தலைக்கு மேலே வந்து விரிந்தன. பால் வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவின் கண்கள் பூத்தின் கூரையைத் தாண்டி எங்கேயோ போகிற பந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தன. “எங்க ஆபீஸ்ல ஆம்பளைங்க யாரையாவது போடச் சொல்லுங்க பாப்போம்.”

“அப்பறம்? கோல் ஆச்சா?” என்றார் பால் பூத்துக்காரர்.

“ம்? இல்ல, அது கோல் இல்ல” என்றார் அப்பா. அவசரமாக, ஈயை ஓட்டுவதுபோல. “அதச் சொல்லல. அந்தக் கைய பாக்கணும் நீங்க. மறுபடியும் காட்டுதேன், பாருங்க.”

எனக்குக் காதில் விழுந்தது ‘கோல் இல்ல’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும்தான். பால்காரருக்கு முன்னாலும் என் கோலைப் பிடுங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பா மறுபடியும் குதிகால்களை ஊன்றி, கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் அவர் சட்டையைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்தேன்.